நான்கு காலும் தரையில்

பாகலூர்
12-6-86

தம்பி கோவிந்தப்பனுக்கு அக்கா நாராயணம்மா எழுதுவது.

நீ பூனாவுக்கு ரயில் ஏறி ஐந்து வாரம் ஆகிறது. இரண்டு கடிதம் போட்டாய். இரண்டிலும் மோதி எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். இன்று உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

உன் நாய் நன்றாக இருக்கிறது. அதன் எதிரில் வருகிறவர்கள்தான் நன்றாக இல்லை. யார் கேட்டைத் திறந்தாலும் ஒரே பாய்ச்சல். முன்கால் இரண்டையும் நெஞ்சில் வைத்து, முகத்தை நக்கி, ஆளைச் சுவரோடு சாய்த்துவிட்டுத்தான் கீழே இறங்குகிறது. கடிப்பதில்லை, உண்மைதான். தபால்காரர் இப்போது உள்ளே வருவதில்லை. தெருவில் நின்று மணி அடிக்கிறார், நான் ஓட வேண்டும். உன் கம்பெனி வடநாட்டுக்காரன் இந்தியில் முத்து என்று அர்த்தம் வரும்படி அதற்குப் பெயர் வைத்தானாம். அவனுக்குக் கொஞ்சம் தமிழ் தெரிந்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பான்.

போன வெள்ளிக்கிழமை மண்டிக்கடை பஷீர் அண்ணன் தொழுகைக்குப் போகிற வழியில் அம்மாவுக்கு மாத்திரை கொடுக்க வந்தார். வெள்ளை ஜிப்பா. மோதி சேற்றுக் காலோடு தாவியது. அவர் திரும்பி வீட்டுக்குப் போய், கழுவி, வேறு உடுப்பு மாற்றிக்கொண்டு ஓடினார். சாயங்காலம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "நாயிக்கு நம்ம மேல பாசம், அது சரி தங்கச்சி. வெள்ளிக்கிழமை மட்டும் பாசத்தக் கொஞ்சம் தள்ளி வெச்சிக்கச் சொல்லு" என்றார். அவர் வீட்டம்மா வஜிஹா அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மா மேலும் தாவுகிறது. முட்டி வலியோடு சுவரைப் பிடித்து நடக்கிறவள். நேற்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடி இல்லை. கட்டிப்போட்டால் ஊளையிடுகிறது. இந்த வீட்டில் ஒருத்தரைக் குளிப்பாட்டி, ஊட்டி, எழுப்பி உட்கார வைக்க எனக்கு இரண்டு கை சரியாக இருக்கிறது. நாய்க்கு மூன்றாவது கை இல்லை. வந்து கூட்டிக்கொண்டு போ. இல்லையென்றால் எங்காவது விட்டுவிடுவேன்.

நாராயணம்மா


சிஞ்ச்வாட், பூனா
25-6-86

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மோதியை எங்கும் விட்டுவிடாதே. பத்து மாதப் பயிற்சிதான், மார்ச்சில் ஹோசூர் யூனிட்டுக்கே திரும்பி வந்துவிடுவேன். கம்பெனி குவார்ட்டர்ஸில் நாய் வைத்துக்கொள்ள விட மாட்டார்கள்.

தப்பு என்னுடையதுதான். குட்டியாக இருக்கும்போது ஷிப்ட் முடிந்து வந்ததும் நெஞ்சைத் தட்டிக் காட்டி "வா வா" என்று கூப்பிடுவேன். தாவும். கட்டிக்கொள்வேன். அதற்கு அதுதான் வணக்கம் சொல்கிற முறை என்று ஆகிவிட்டது.

இங்கே எங்கள் கேட்டில் இருக்கிற வாட்ச்மேன் ராணுவத்தில் நாய்களைப் பழக்கும் பிரிவில் இருந்தவர். கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தாவும்போது கையால் தள்ளக் கூடாது, முட்டியால் இடிக்கக் கூடாது, கத்தவும் கூடாது. தள்ளினால் அதற்கு விளையாட்டு. கத்தினால் நீ தன்னோடு பேசுவதாக நினைத்துக்கொள்ளும். தாவியதும் கையைக் கட்டிக்கொண்டு முதுகைக் காட்டித் திரும்பி நில். முகத்தைப் பார்க்காதே. சுற்றிக்கொண்டு முன்னால் வந்தால் மறுபடியும் திரும்பு. நான்கு காலும் தரையில் பட்ட அந்த நொடி, அந்த நொடியில்தான், ஒரு துண்டு பொறை ரொட்டியைக் கொடுத்துப் பேர் சொல்லித் தடவு. கொஞ்சம் பழகியதும் "உக்காரு" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டுக் கொடு. உட்கார்ந்திருக்கிற நாய் தாவ முடியாது.

முக்கியமான விஷயம், வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். ஒருத்தர் கொஞ்சினால் போதும், ஒன்பது பேர் பாடுபட்டது வீண்.

அம்மா தைலம் தேய்த்துக்கொள்கிறாளா? மோதிக்குக் குடல் பூச்சி மருந்து கொடுக்க மறக்காதே.

கோவிந்தப்பன்


பாகலூர்
14-7-86

தம்பிக்கு,

முதுகைக் காட்டி நிற்கச் சொன்னாய். நின்றேன். இப்போது முதுகெல்லாம் நகக் கீறல். ரவிக்கை ஒன்று கிழிந்தது. உன் வாட்ச்மேன் ராணுவ உடுப்பில் நின்று பழக்கியிருப்பார், புடவையில் நின்றிருக்க மாட்டார்.

இருந்தாலும் விடவில்லை. காலையில் பத்து தடவை, சாயங்காலம் பத்து தடவை கேட்டுக்கு வெளியே போய் உள்ளே வருகிறேன். நானே என் வீட்டுக்கு விருந்தாளி. தெருவில் போகிற பெண்கள் நின்று பார்க்கிறார்கள். எதிர் வீட்டு மங்கம்மா, "ஏன் நாராயணி, எதையாச்சும் தொலைச்சிட்டியா?" என்று கேட்டாள்.

ஏழு நாளில் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. எட்டாம் நாள் பழையபடி ஆனது. ஏன் என்று பார்த்தால் அம்மா. நான் கொல்லைப்பக்கம் போனதும் மடியில் பொறையை வைத்துக்கொண்டு, "வாடா கண்ணு, ஏறுடா" என்று கட்டில் மேல் ஏற்றிக் கொஞ்சுகிறாள். கேட்டால், "என் புள்ள வளத்த நாயி. அவன் நெஞ்சில ஏறி வெளையாடினது. நீ அத சிப்பாய் ஆக்கற" என்கிறாள். ஏறும்போது அவளே விழுவாள் என்று சொன்னேன். "வுழுந்தா நீ இருக்கற இல்ல, தூக்கு" என்றாள்.

ஆமாம், நான் இருக்கிறேன். மாலூரில் என் வீட்டுக்காரன் இன்னொருத்தியைக் கூட்டி வந்த நாளிலிருந்து ஆறு வருஷமாக இங்கேதான் இருக்கிறேன். எங்கே போய்விடப் போகிறேன் என்று உங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

போன வாரம் பஷீர் அண்ணன் தானே வந்து உதவுவதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளில் கேட்டுக்கு வெளியே நின்று உள்ளே வருவது போலப் பாவனை செய்கிறார். மோதி கேட்டைப் பிடித்து எழுந்தால் அவர் திரும்பி மண்டியைப் பார்த்து நடந்துவிடுகிறார். இறங்கினால் திரும்பி வருகிறார். நேற்று மட்டும் பதினாலு தடவை. "யாவாரத்துல கூட நான் யாரு வூட்டுக்கும் இத்தனை நடை நடந்ததில்ல தங்கச்சி" என்றார்.

நாராயணம்மா


பூனா
2-8-86

அன்புள்ள அக்காவுக்கு,

வாட்ச்மேனிடம் உன் கடிதத்தை இந்தியில் சொன்னேன். நல்லபடியாகத்தான் போகிறதாம். இதுவரை கிடைத்தது கிடைக்கவில்லை என்றால் நாய் முதலில் இன்னும் பலமாகத் தாவிப் பார்க்குமாம். அந்தச் சமயத்தில் மனம் இளகி ஒரு தடவை கொடுத்துவிட்டால், அதிகம் தாவினால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்ளும். ஆகவே விடாதே.

அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல், மோதியை மேலே ஏற்ற வேண்டாம் என்று. என் பேச்சைக் கேட்பாள்.

ஓவர்டைம் இருப்பதால் அதிகம் எழுத முடியவில்லை.

கோவிந்தப்பன்


பாகலூர்
1-9-86

அன்புள்ள தம்பிக்கு,

மோதி மாறிவிட்டது. நம்ப மாட்டாய்.

பதினைந்து நாளாக ஒருத்தர் மேலும் கால் வைக்கவில்லை. கேட் சத்தம் கேட்டதும் ஓடி வருகிறது, உடம்பு முழுக்க ஆடுகிறது, வால் தரையைப் பெருக்குகிறது. ஆனால் உட்கார்ந்துவிடுகிறது. தாவ வேண்டும் என்று உள்ளே துடிப்பது கண்ணில் தெரியும். முன்கால் இரண்டும் மாறி மாறித் தரையை மிதிக்கும். அப்படியே அடக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்க்கும். அப்போது நினைத்துக்கொள்வேன், இவ்வளவு ஆசையை அது அடக்கக் கற்றுக்கொண்டதே என்று.

தபால்காரர் உள்ளே வந்தார். அவர் கன்னடத்தில் "கூத்கோ" என்றார். அதற்கும் உட்கார்ந்தது. ரோஜாத் தோட்டத்துக் கூலிப் பெண்கள் தெலுங்கில் சொன்னாலும் உட்காருகிறது. மூன்று பாஷை தெரிந்த நாய் என்று பஷீர் அண்ணன் மண்டியில் எல்லோரிடமும் சொல்கிறார். உன் சொல் கேட்டு அம்மாவும் இப்போது மேலே ஏற்றுவதில்லை. நான் சொன்னபோது கேட்கவில்லை, பரவாயில்லை.

இன்னொரு விஷயம். இதை எப்படி எழுதுவது என்று மூன்று நாளாக யோசித்தேன். ஹோசூரில் சிப்காட் பக்கம் ரேடியோ பாகங்கள் செய்கிற கம்பெனியில் பெண்களை எடுக்கிறார்கள். எட்டாம் வகுப்பு போதுமாம். சின்னக் கம்பிகளைப் பொருத்துகிற வேலை. வஜிஹா அக்காவின் தங்கை ஃபகருன்னிசா அங்கேதான் இருக்கிறாள், விண்ணப்பம் வாங்கி வந்து கொடுத்தாள். போட்டேன். இன்டர்வியூ கார்டு வந்துவிட்டது. செப்டம்பர் பதினெட்டு, வியாழக்கிழமை. பாகலூர் வரைக்கும் கம்பெனி பஸ் வருகிறது. பகல் ஷிப்ட் மட்டும். மத்தியானம் அம்மாவை ஒரு எட்டு பார்த்துக்கொள்வதாக வஜிஹா அக்கா சொல்கிறார்.

எனக்கு முப்பத்திரண்டு வயது ஆகிறது. ஒரு நாயை ஆறு வாரத்தில் மாற்ற முடிந்தது. கம்பி பொருத்தக் கற்றுக்கொள்ள மாட்டேனா?

உன் கடிதங்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். நாயைப் பற்றி எத்தனையோ எழுதியிருக்கிறாய். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரி இல்லை. சண்டைக்காகச் சொல்லவில்லை. இந்தத் தடவை என்னைப் பற்றி எழுது. போகட்டுமா?

அக்கா நாராயணம்மா


பூனா
9-9-86

அன்புள்ள அக்காவுக்கு,

மோதி விஷயம் படித்து ரொம்பச் சந்தோஷம். வாட்ச்மேனுக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

வேலை விஷயம் இப்போது வேண்டாம். கோபித்துக்கொள்ளாதே. நீ காலையில் போய் இருட்டி வந்தால் அம்மாவுக்கு ஒரு வாய் தண்ணீர் யார் கொடுப்பது? வஜிஹா அக்கா நல்லவர், ஆனால் அவருக்கு அவர் குடும்பம் இருக்கிறது. மண்டிக்காரர் வீட்டில் சொல்லிவிட்டு அக்காள் பேக்டரிக்குப் போய்விட்டாள், தம்பி சம்பாதித்து என்ன பிரயோஜனம் என்று ஊரில் பேசுவார்கள். நான் மார்ச்சில் வந்துவிடுவேன். வந்த பிறகு யோசிக்கலாம். இந்தக் கடிதத்தை அம்மாவுக்கும் படித்துக் காட்டு.

கோவிந்தப்பன்


ஹோசூர்
20-9-86

தம்பிக்கு,

பஷீர் அண்ணன் நேற்று முன்தினம் தந்தி கொடுத்தார். கிடைத்திருக்கும். கிடைக்காவிட்டாலும் இந்தக் கடிதம் கிடைத்ததும் புறப்படு.

அம்மா விழுந்துவிட்டாள். வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு. வாசல் படியில் நின்றிருந்தாள். மோதி எங்கிருந்தோ ஓடி வந்து தாவியது. பழகிவிட்டது என்று நானும் கவனிக்காமல் இருந்துவிட்டேன். மூன்று படியும் தாண்டிக் கீழே சிமென்ட் தரையில் விழுந்தாள். பஷீர் அண்ணன் தன் வேனில் தூக்கிப் போட்டு ஹோசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார். இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. பெங்களூருக்கு எடுத்துப் போகச் சொல்கிறார்கள்.

அம்மாவுக்கு நினைவு நன்றாக இருக்கிறது. நீ எப்போது வருவாய் என்று கேட்கிறாள். வந்துவிடு.

நாராயணம்மா


பூனா
5-10-86

அக்காவுக்கு,

நேற்று வந்து சேர்ந்தேன். நான்கு நாள் லீவுதான் கிடைத்தது. அம்மாவை அந்த நிலையில் விட்டுவிட்டு ரயில் ஏறியது எப்படி என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆபரேஷனை இருதயம் தாங்காது, வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படுக்க வையுங்கள் என்று பெங்களூர் டாக்டர் சொன்னதை உன் முன்னால் கேட்டுக்கொண்டேன், பேசாமல் இருந்தேன். இப்போது பேசுகிறேன். பதினைந்து நாளாக ஒருத்தர் மேலும் கால் வைக்கவில்லை என்று எழுதினாயே. பொய் எழுதினாயா? அல்லது இன்டர்வியூ நினைப்பில் நாயைக் கவனிக்காமல் விட்டாயா? வேண்டாம் என்று நான் எழுதியது உனக்குப் பிடிக்கவில்லை, தெரியும். அந்தக் கோபத்தில் வீட்டில் என்ன நடந்தால் என்ன என்று இருந்துவிட்டாய்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாயிதான்டா தள்ளிடுச்சி. அக்காவ ஒண்ணும் சொல்லாத" என்றாள். அவளுக்காகத்தான் அங்கே வாயைத் திறக்கவில்லை.

அந்த நாய் இனி அந்த வீட்டில் இருக்கக் கூடாது. நான்தான் சட்டைக்குள் வைத்துத் தூக்கி வந்தேன், நான்தான் தாவக் கற்றுக் கொடுத்தேன், நானே சொல்கிறேன். விஷம் வை, அடித்துப் போடு, என்ன வேண்டுமானாலும் செய். அது உயிரோடு இருக்கிறது என்று எனக்கு எழுதாதே.

கோவிந்தப்பன்


பாகலூர்
13-10-86

தம்பிக்கு,

நீ சொன்னதில் பாதி செய்தேன். விஷம் வைக்க எனக்குக் கை வரவில்லை. கோலாருக்கு முட்டைக்கோஸ் ஏற்றிப் போகிற லாரிக்காரன் முனிசாமியிடம் கொடுத்து, வழியில் எங்காவது தூரமாக இறக்கிவிடச் சொன்னேன்.

அவன் கேட்டுக்குள் வந்ததும் மோதி ஓடிப் போய் அவன் எதிரில் உட்கார்ந்தது. "தும்பா, ரொம்ப சாது நாயி. இதையா வேணாங்கறீங்க?" என்று கேட்டான். அது திரும்பி என் கையைப் பார்த்தது. கையில் பொறை இல்லை. கயிற்றை அவனிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். லாரியில் ஏற்றும்போதும் குரைக்கவில்லை.

அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். புரட்டிப் படுக்க வைக்க இரண்டு பேர் வேண்டும். வஜிஹா அக்கா காலையும் மாலையும் வருகிறார். முதுகில் புண் வந்துவிட்டது. மூன்று நாளாகக் காய்ச்சலும் இருமலும். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் நாய் தள்ளிய கதையை அம்மாவே சொல்கிறாள்.

லீவு கேட்டு வை.

நாராயணம்மா


பூனா
12-11-86

நாராயணம்மாவுக்கு,

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் இங்கே வந்து ஆறு நாள் ஆகிறது. ஆறு நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழிக்கிறேன்.

புறப்படுகிற அன்று பஷீர் அண்ணன் வீட்டுக்குச் சொல்லிக்கொள்ளப் போனேன். அண்ணன் மண்டியில் இருந்தார். வஜிஹா அக்கா டீ கொடுத்தார். பேச்சு மோதியைப் பற்றி வந்தது. "பாவம்பா அந்த நாயி. அன்னிக்குக் கூட எங்க குடோன் கம்பத்துலதான் கட்டிக் கெடந்துச்சி. நாந்தான் ரெண்டு பொறை போட்டேன்" என்றார். என்றைக்கு என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனவர் வெளியே வரவில்லை.

எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. இல்லையென்றால் நேராக உன்னிடம் வந்து கேட்டிருப்பேன். வராமல் போனதும் நல்லதுதான், என் கையை நானே நம்பவில்லை.

ஒரே ஒரு கேள்வி. பதினெட்டாம் தேதி காலை ஏழரை மணிக்கு மோதி எங்கே இருந்தது?

கோவிந்தப்பன்


பாகலூர்
24-11-86

தம்பிக்கு,

பஷீர் அண்ணன் குடோன் கம்பத்தில்.

நான்தான் கட்டினேன். காலை ஆறரைக்குக் கொண்டு போய்க் கட்டி, வஜிஹா அக்காவிடம் சொல்லிவிட்டு வந்தேன். அண்ணன் அப்போது மண்டி முன்பக்கம் லாரியில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார், அவருக்குத் தெரியாது. நீ வேண்டாம் என்று எழுதிய பிறகும் நான் இன்டர்வியூவுக்குப் புறப்பட்டேன். ஒரு நாள்தானே, போய்ப் பார்த்துவிட்டு வருவோம், எடுத்தால் பிறகு உன்னிடம் சண்டை போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

களி கிண்டி, அம்மாவுக்கு ஊட்டி, சொம்பில் தண்ணீர் வைத்து, நீல வாயில் புடவை கட்டிக்கொண்டேன். கார்டைப் பையில் வைத்தேன். வாசலுக்கு வந்தால் அம்மா படியில் நிற்கிறாள். ஆறு மாதமாக என் கை இல்லாமல் எழுந்திருக்காதவள் தானே எழுந்து வாசல் வரைக்கும் வந்திருந்தாள். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"போவாதடி. இன்னிக்குப் போனா தெனமும் போவ."

"சாயங்காலம் வந்துடுவேன்மா. வஜிஹா அக்கா பாத்துக்குவாங்க."

"உன் தம்பி வாணாம்னு எழுதியிருக்கான் இல்ல? இதோ பாரு." இடுப்பிலிருந்து உன் கடிதத்தை எடுத்தாள். நீ படித்துக் காட்டச் சொன்னாய், படித்துக் காட்டினேன். அதை வாங்கி மடித்துச் செருகி வைத்திருந்தாள். படிக்கத் தெரியாதவள்.

பஸ் வருகிற சத்தம் கேட்டது. அவள் விரலை ஒன்று ஒன்றாகப் பிரித்தேன். பிரிக்கப் பிரிக்க மறுபடியும் பிடித்தாள். ஹாரன் அடித்தான். தள்ளினேன்.

முந்தானையை இழுத்தேன், அவள் நிலை தவறினாள் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அது இல்லை. இரண்டு கையாலும் தோளில் தள்ளினேன். விழ வேண்டும் என்று தள்ளவில்லை. விடட்டும் என்று தள்ளினேன். விட்டாள்.

சத்தம் கேட்டு முதலில் வந்தது பஷீர் அண்ணன். நாய்தான் தள்ளியது என்று ஊர் நம்பியது. நானும் உனக்கு அப்படியே எழுதினேன். யாரும் கேட்காமலே எங்கிருந்தோ ஓடி வந்தது, தாவியது என்று அலங்காரம் எல்லாம் செய்து எழுதினேன். ஒரு வார்த்தைகூட அடித்துத் திருத்தவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

வஜிஹா அக்காவுக்கு அன்றைக்கே தெரியும். இன்று வரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. இரண்டு வேளையும் வந்து அம்மாவைப் புரட்ட ஒரு கை கொடுத்தார்.

நீ போலீசுக்கு எழுதினாலும் சரி. நான் மறுக்க மாட்டேன்.

நாராயணம்மா


பூனா
10-12-86

நாராயணம்மாவுக்கு,

போலீசுக்கு எழுத மாட்டேன். அம்மா திரும்பி வர மாட்டாள். உன்னைக் காப்பாற்றுவதற்காக இல்லை, அவள் பெயர் கோர்ட்டில் அடிபட வேண்டாம் என்பதற்காக.

உன் கடிதத்தில் என் கடிதமும் வருகிறது. கவனித்தேன். அன்றைக்கு அம்மா இடுப்பில் அது இருந்தது என்று நீ எழுதாமல் இருந்திருக்கலாம். எழுதினாய். அதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. போகாதே என்றுதான் எழுதினேன். தள்ளச் சொல்லி எழுதவில்லை.

ஆனால் ஒரு குற்றமும் செய்யாத ஜீவனைக் கொல்லச் சொல்லி என் கையால் எழுத வைத்தாய். அந்தக் கடிதத்தை வாங்கிப் படித்த பிறகும் உனக்கு உண்மையைச் சொல்லத் தோன்றவில்லை. வாட்ச்மேன் இன்றும் மோதி எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். நன்றாக இருக்கிறது என்கிறேன். உன்னால் நானும் பொய் சொல்லப் பழகிவிட்டேன்.

இதை மட்டும் சொல். ஆஸ்பத்திரியில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நாய்தான் தள்ளியது என்றாளே. அப்படிச் சொல்லச் சொல்லி அவளுக்கு நீ சொல்லிக் கொடுத்தாயா? சாகப் போகிறவளைப் பொய் சொல்ல வைத்தாயா? அதையும் செய்திருந்தால் மார்ச்சில் நான் அந்த ஊருக்கு வரவே மாட்டேன். மற்றதை எப்படியோ தாங்கிக்கொள்வேன். அதை முடியாது.

கோவிந்தப்பன்


ஹோசூர்
4-1-87

தம்பிக்கு,

இன்று ஞாயிற்றுக்கிழமை, லீவு. அதனால் எழுத நேரம் கிடைத்தது. அந்தக் கம்பெனியில் டிசம்பரில் மறுபடியும் ஆள் எடுத்தார்கள். போனேன், எடுத்துக்கொண்டார்கள். ஃபகருன்னிசாவின் தோழிகள் இரண்டு பேரோடு இங்கேயே ஓர் அறையில் இருக்கிறேன். பாகலூர் வீட்டைப் பூட்டிச் சாவியை வஜிஹா அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். மார்ச்சில் வரும்போது வாங்கிக்கொள். நான் அங்கே இருக்க மாட்டேன், நீ தயங்க வேண்டாம்.

முனிசாமியைப் பிடித்துக் கேட்டேன். மாலூர் சந்தையில் இறக்கிவிட்டானாம். ஆறு வருஷமாகக் கால் வைக்காத ஊர். இரண்டு ஞாயிறு போய்த் தேடினேன். டீக்கடை, கசாப்புக் கடை, பஸ் ஸ்டாண்டு, எல்லா இடத்திலும் கேட்டேன். தாவுகிற நாய் என்றால் யாராவது நினைவு வைத்திருப்பார்கள். சும்மா உட்கார்ந்து முகத்தைப் பார்க்கிற நாயை யாருக்கும் நினைவு இல்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். அம்மாவுக்கு நான் சொல்லிக் கொடுக்கவில்லை. நாய் என்று முதலில் சொன்னதே அவள்தான்.

கீழே விழுந்து கிடந்தாள். நான் படியில் நின்றிருந்தேன். இறங்கிப் போய்த் தூக்கக்கூட இல்லை. பஷீர் அண்ணன் ஓடி வந்து, "என்னாச்சும்மா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள், "இந்த நாயி தள்ளிடுச்சிப்பா" என்றாள். அவ்வளவு வலியிலும் குரல் தெளிவாக இருந்தது. நாய் எங்கே என்று அந்த நேரத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

என்னைக் காப்பாற்றினாள் என்று நினைத்தேன். தாய் அல்லவா. அந்த நினைப்பில்தான் அவளைக் கழுவினேன், புரட்டினேன், புண்ணில் மருந்து வைத்தேன். அவள் சொன்னதை நான் மாற்றிச் சொன்னால் அவளைப் பொய்க்காரி ஆக்கியதாகும் என்று எனக்கே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். நீ நாயைக் கொல்லச் சொல்லி எழுதியபோதும் அந்தச் சமாதானம் கைகொடுத்தது.

அவள் இறப்பதற்கு நான்கு நாள் முன்னால் ஒரு சாயங்காலம். உடம்பு துடைத்துக்கொண்டிருந்தேன். வஜிஹா அக்கா வெந்நீர் எடுக்கப் போயிருந்தார். நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். "ஏம்மா அன்னிக்கு நாயின்னு சொன்ன?" என்று கேட்டேன்.

என்னைப் பார்த்தாள். கோபமும் இல்லை, பாசமும் இல்லை. கணக்குத் தெரிந்தவள் போலப் பார்த்தாள்.

"நெசத்தச் சொன்னா உன்னைக் கூட்டிட்டுப் போயிடுவானுங்க. கோவிந்தன் வர மாட்டான். அப்புறம் என்னைப் பாக்க யாரு இருக்கா?"

பிறகு இடது பக்கம் இன்னும் துடைக்கவில்லை என்றாள். துடைத்தேன்.

இதை உனக்குச் சொல்லாமலே இருந்திருப்பேன். அம்மா என்னை மன்னித்துத்தான் போனாள் என்று நீயாவது நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்று இருந்தேன். நீ கேட்டாய்.

என் புது விலாசத்தை இதில் எழுதவில்லை. வஜிஹா அக்காவிடம் இருக்கிறது. வேண்டும் என்று தோன்றினால் சாவி வாங்கும்போது கேட்டுக்கொள்.

நாராயணம்மா